பிள்ளைகளை எந்த வயதில் பிரிக்கிறார்கள்? பின்லாந்து, ஜெர்மனி, சிங்கப்பூர், இலங்கை, ஜப்பான்: ஒப்பிடுவது எப்படி?

கரும்பலகை

வணக்கம் நண்பர்களே. ஆசிரியர் கூட்டம் ஒன்றுக்காகப் பிற நாடுகளின் அரசுப் பள்ளிக் கல்வி பற்றி அரைமணி நேர உரை தயாரிக்கிறேன். கிடைக்கிற கட்டுரைகளில் பாதி "பின்லாந்தில் பரீட்சையே இல்லை" என்கின்றன. மீதி "பிசா தேர்வில் சிங்கப்பூர் முதலிடம்" என்கின்றன. இரண்டையும் அடுத்தடுத்துச் சொன்னால் கேட்பவருக்குக் குழப்பம்தான் மிஞ்சும்.

எனக்கு வேண்டியவை மூன்று. பிசா என்கிற பன்னாட்டு மாணவர் தேர்வின் எண்களை எந்த அளவுக்கு நம்பலாம்? எந்த நாட்டில், எந்த வயதில், எதை வைத்துப் பிள்ளைகளைத் தனித்தனிப் பாதையில் விடுகிறார்கள், தவறிப்போனால் திரும்பி வர வழி உண்டா? ஆசிரியர் சம்பளத்தை யார் கொடுக்கிறார்கள்? பொதுவாகச் சொல்லாமல் விதியும் எண்ணுமாகச் சொன்னால் உதவியாக இருக்கும்.

மாதிரிக்கூறு

முதல் கேள்விக்கு மட்டும் நான்.

பிசாவை நடத்துவது பொருளாதார ஒத்துழைப்பு வளர்ச்சி அமைப்பு (ஓஈசிடி). அது வகுப்பைப் பார்ப்பதில்லை, வயதைப் பார்க்கிறது. 15 வயது 3 மாதம் முதல் 16 வயது 2 மாதம் வரை உள்ள, ஏழாம் வகுப்பிலோ அதற்கு மேலோ படிக்கும் பிள்ளைகள் மட்டும்தான் கணக்கில் வருவார்கள். பொதுவாக ஒரு நாட்டுக்குக் குறைந்தது 150 பள்ளிகள், பள்ளிக்கு 42 பேர் வரை, இரண்டு மணி நேரத் தேர்வு. பள்ளியை விட்டு நின்றுவிட்ட பிள்ளை இந்தத் தேர்வின் கண்ணிலேயே படாது. வியட்நாம் 2012இல் கணிதத்தில் 511 எடுத்தபோது உலகமே வியந்தது. அந்த மாதிரி அந்நாட்டின் 15 வயதுப் பிள்ளைகளில் 56 விழுக்காட்டினருக்கு மட்டுமே பொருந்தும். பள்ளிக்குள் இருந்தவர்கள் நன்றாகத்தான் படித்திருக்கிறார்கள், அதில் ஐயமில்லை. ஆனால் வெளியே நின்ற 44 விழுக்காட்டினரையும் சேர்த்தால் சராசரி என்ன என்பதை அந்த 511 சொல்லாது. ஆகவே எந்த நாட்டின் மதிப்பெண்ணை எழுதினாலும் பக்கத்திலேயே எத்தனை விழுக்காடு பிள்ளைகளை அது குறிக்கிறது என்பதையும் எழுதுங்கள். அறிக்கையின் பின்னிணைப்பு அட்டவணையில் அது இருக்கும்.

தரவரிசையை அப்படியே எடுக்காதீர்கள். இரண்டு மூன்று இட வேறுபாடு பல நேரம் மாதிரிப் பிழைக்குள்ளேயே அடங்கிவிடும். நான் முதலில் பார்ப்பது அடித்தட்டு எண்ணை. அடிப்படைத் திறன் என்று அவர்கள் வைத்திருக்கும் இரண்டாம் நிலையை எட்டாதவர்கள் எத்தனை பேர்? 2022இல் கணிதத்தில் சிங்கப்பூரில் 8 விழுக்காடு, ஜப்பானில் 12, பின்லாந்தில் 25, ஜெர்மனியில் 30. ஓஈசிடி உறுப்பு நாடுகளுடைய சராசரி 31. உங்கள் உரைக்குச் சராசரி மதிப்பெண்ணைவிட இந்த வரிசை பயன்படும். அரசுப் பள்ளி என்று பேசும்போது கடைசி பெஞ்சுக்கு என்ன நடக்கிறது என்பதுதானே கேள்வி.

தமிழ்நாட்டு ஆசிரியர்கள் கேட்கிற கூட்டம் என்றால் இதையும் சொல்லுங்கள். 2009 சுற்றின் நீட்டிப்பில் இந்தியாவிலிருந்து தமிழ்நாடும் இமாச்சலப் பிரதேசமும் கலந்துகொண்டன. 74 பங்கேற்பாளர்களில், வாசிப்பிலும் கணிதத்திலும் இரண்டுக்கும் கீழே கிர்கிஸ்தான் மட்டும்தான் இருந்தது. கேள்விகள் நம் சூழலுக்குப் பொருந்தவில்லை என்று சொல்லி, அடுத்து வந்த சுற்றுகளில் இந்தியா ஒதுங்கிக்கொண்டது.

வடக்குவெளிச்சம்

இரண்டாவது கேள்விதான் உயிர்நாடி. ஜெர்மனியையும் பின்லாந்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் தெளிவாகும்.

"ஜெர்மன் கல்விமுறை" என்று ஒன்று கிடையாது. கல்வி மாநிலங்களின் அதிகாரம்; 16 மாநிலம், 16 சட்டம். பெரும்பாலான மாநிலங்களில் தொடக்கப்பள்ளி நான்கு ஆண்டு, பெர்லினிலும் பிராண்டன்பர்க்கிலும் ஆறு. பொதுவாகப் பேசினால் தவறிவிடும், ஒரு மாநிலத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். பவேரியா நல்ல எடுத்துக்காட்டு, விதி எண்ணிலேயே இருக்கிறது.

நான்காம் வகுப்பில், மே மாதத் தொடக்கத்தில், ஒரு மாற்றுச் சான்றிதழ் தருவார்கள். ஜெர்மன் மொழி, கணிதம், சுற்றுப்புறப் பாடம் என்று மூன்று பாடங்களின் சராசரிதான் கணக்கு. அங்கே 1 மிக நல்ல தரம், 6 மிக மோசம். சராசரி 2.33 அல்லது அதைவிட நன்றாக இருந்தால் கிம்னாசியும், அதாவது பல்கலைக்கழகத்துக்கு நேர்வழி. 2.66 வரை ரியால்ஷூலே, அதாவது நடுத்தரப் பாதை. அதற்கும் பின்னால் போனால் மிட்டல்ஷூலே, பெரும்பாலும் தொழிற்பயிற்சிக்குப் போகும் பாதை.

கணக்குப் போட்டுப் பாருங்கள். மொழியில் 2, கணிதத்தில் 3, சுற்றுப்புறத்தில் 2 என்றால் கூட்டுத்தொகை 7, சராசரி 2.33. கதவு திறக்கிறது. மொழியில் மட்டும் 2க்குப் பதில் 3 வந்தால் கூட்டுத்தொகை 8, சராசரி 2.66. அதே பிள்ளை ரியால்ஷூலேக்குப் போகிறது. பத்து வயதில், ஒரே ஒரு பாடத்தில், ஒரே ஒரு தரம். வீட்டில் ஜெர்மன் பேசாத பிள்ளைக்கு அந்த ஒரு தரம் எந்தப் பாடத்தில் இறங்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

சராசரி எட்டாவிட்டால் மூன்று நாள் சோதனை வகுப்பு உண்டு. மொழி, கணிதம் இரண்டில் ஒன்றில் 3, மற்றதில் 4 எடுத்தால் தேர்ச்சி. இரண்டிலும் 4 என்றால் பெற்றோர் விரும்பினால் சேரலாம். பின்னாலும் வழி இருக்கிறது: மிட்டல்ஷூலேயிலேயே 'எம்' பிரிவில் பத்தாம் வகுப்பை முடித்தால் ரியால்ஷூலேக்கு நிகரான சான்றிதழ், பிறகு மேல்நிலைத் தொழிற்பள்ளி, அதிலும் 13ஆம் வகுப்பு வரை போனால் பல்கலைக்கழகம். இன்னொரு பக்கம், நிறுவனத்தில் சம்பளத்துடன் பயிற்சியும் தொழிற்பள்ளியில் பாடமுமாக இரண்டு முதல் மூன்றரை ஆண்டு இரட்டைப் பயிற்சி. அது மதிப்பான வழி, தோற்றவர்களின் ஒதுக்கிடம் என்று எழுதிவிடாதீர்கள். ஆனால் சுற்றிப்போகிற ஒவ்வொரு வழியையும் யாராவது வீட்டில் விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கிறது. படித்த பெற்றோருக்கு அது தெரியும், மற்றவர்களுக்குத் தெரியாது.

மாற்றுவது எளிதல்ல என்பதற்கு ஹாம்பர்க் சான்று. தொடக்கப்பள்ளியை ஆறு ஆண்டாக்க நகர மன்றத்தின் கட்சிகள் ஒத்துக்கொண்ட பிறகும், 2010 ஜூலை பொதுவாக்கெடுப்பில் மக்கள் அதைத் தோற்கடித்தார்கள்.

இப்போது பின்லாந்து. அங்கேயும் ஒரு காலத்தில் பதினொரு வயதில் பிரித்துக்கொண்டுதான் இருந்தார்கள். 1972இல் வடக்கே லாப்லாந்தில் தொடங்கி 1977இல் ஹெல்சிங்கி வட்டாரம் வரை, பகுதி பகுதியாக, எல்லாருக்கும் ஒன்பதாண்டுப் பொதுப்பள்ளி வந்தது. அதற்குள்ளும் கணிதத்துக்கும் மொழிகளுக்கும் தரவாரிக் குழுக்கள் இருந்தன; அவற்றை 1985இல் எடுத்தார்கள். 1979 முதல் ஆசிரியர் ஆக முதுகலைப் பட்டம் கட்டாயம். இப்போது பிரிவது ஒன்பதாம் வகுப்பு முடிந்து 16 வயதில்தான்: லுகியோ என்கிற மேல்நிலைப் பள்ளி, அல்லது தொழிற்கல்வி. 2021 முதல் 18 வயது வரை கல்வி கட்டாயம்.

பகுதி பகுதியாக வந்ததில் ஒரு நன்மை: அதன் பயனை அளக்க முடிந்தது. ஒரே ஆண்டில் பிறந்தவர்களில் ஒரு பகுதியினர் பழைய பள்ளியிலும் மறுபகுதியினர் புதிய பள்ளியிலும் படித்திருந்தார்கள். பெக்கரினன், ஊசிதாலோ, கெர் மூவரும் 2009இல் வெளியிட்ட ஆய்வில், தந்தையின் வருமானத்துக்கும் மகனின் வருமானத்துக்கும் உள்ள தொடர்பு 0.30இலிருந்து 0.23ஆகக் குறைந்தது. பிரிக்கும் வயதைத் தள்ளிப்போட்டதன் விளைவை இவ்வளவு நேராகக் காட்டும் எண் வேறு எனக்குத் தென்படவில்லை. உரையில் கட்டாயம் சேருங்கள்.

"பரீட்சையே இல்லை" என்பது தவறு. ஆசிரியர்கள் வகுப்பில் தேர்வு வைக்கிறார்கள், 4 முதல் 10 வரை மதிப்பெண் போடுகிறார்கள், 4 என்றால் தோல்வி. ஒன்பதாம் வகுப்புச் சான்றிதழின் சராசரியை வைத்துத்தான் லுகியோ இடம். ஹெல்சிங்கியில் சிலவற்றுக்கு 9க்கு மேல் வேண்டும். இல்லாதது நாடு தழுவிய பொதுத்தேர்வு. அதுவும் லுகியோவின் கடைசியில் ஒன்று உண்டு, 1852 முதல் நடக்கிறது.

பின்லாந்தைத் தெய்வமாக்கவும் வேண்டாம். பிசா கணிதத்தில் 2003இல் 544, 2022இல் 484.

தெம்பனிஸ்வாசி

சிங்கப்பூர் பற்றி வருகிற தமிழ்க் கட்டுரைகளில் பாதிக்குமேல் பழையவை. இப்போதைய நிலை இது.

ஆறாம் வகுப்பு முடிவில், 12 வயதில், தொடக்கப்பள்ளி இறுதியாண்டுத் தேர்வு. 1960 முதல் இருக்கிறது. ஆங்கிலம், கணிதம், அறிவியல், தாய்மொழி என நான்கு பாடம். தமிழ்ப் பிள்ளைகளில் பலருக்குத் தாய்மொழிப் பாடம் தமிழ்தான், அதற்குக் கணிதத்துக்குச் சமமான எடை.

2021 முதல் மதிப்பெண்ணைப் படிநிலையாக மாற்றுகிறார்கள். 90உம் அதற்கு மேலும் நிலை 1. 85 முதல் 89 வரை 2. 80 முதல் 84 வரை 3. 75 முதல் 79 வரை 4. 65 முதல் 74 வரை 5. 45 முதல் 64 வரை 6. 20 முதல் 44 வரை 7. அதற்குக் கீழே 8. நான்கையும் கூட்டினால் 4 முதல் 32 வரை வரும். குறைவாக இருப்பது நல்லது. ஒரு பிள்ளை ஆங்கிலத்தில் 82, கணிதத்தில் 91, அறிவியலில் 74, தமிழில் 78 எடுத்தால் 3+1+5+4, மொத்தம் 13. அறிவியலில் ஒரே மதிப்பெண் கூடியிருந்தால் 12. அதே பிள்ளை 66 எடுத்திருந்தாலும் 13தான். இந்த ஏற்பாட்டின் நோக்கமே அதுதான்: முன்பு பிள்ளையை மற்றப் பிள்ளைகளோடு ஒப்பிட்டுத் தசமப் புள்ளிவரை வரிசைப்படுத்தினார்கள், இப்போது பக்கத்துப் பிள்ளையின் மதிப்பெண் நம் பிள்ளையின் நிலையை மாற்றாது. எல்லைக்கோட்டில் நிற்கும் பிள்ளைக்கு மட்டும் அந்த ஒரு மதிப்பெண் இன்னும் வலிக்கிறது.

பள்ளித் தெரிவுக்கு ஆறு இடம் எழுதலாம். ஒரே புள்ளியில் பலர் நின்றால் முதலில் குடியுரிமை, பிறகு பெற்றோர் எழுதிய தெரிவு வரிசை, கடைசியில் கணினிக் குலுக்கல். தெரிவு வரிசைக்கு எடை இருப்பதால் "சும்மா ஒரு பெரிய பள்ளியை முதலில் போட்டு வைப்போம்" என்று எழுதுவது பலருக்கு இடைஞ்சலாக முடிகிறது.

பாதை பிரிப்பு எடுக்கப்பட்டுவிட்டதா? பாதி உண்மை. 1980களின் தொடக்கத்திலிருந்து இருந்த மூன்று பாதைகள் 2024இல் உயர்நிலை ஒன்றில் சேர்ந்தவர்கள் முதல் கிடையாது. ஆனால் சேரும்போது புள்ளியை வைத்து மூன்று குழு இருக்கிறது: 4 முதல் 20 வரை குழு 3, 23, 24 குழு 2, 26 முதல் 30 வரை குழு 1, அதற்கும் ஆங்கிலத்திலும் கணிதத்திலும் நிலை 7 ஆவது வேண்டும். 21, 22, 25 எடுத்தவர்கள் இரண்டில் ஒன்றைத் தெரிவு செய்யலாம். மாறியது அதற்குப் பிறகு நடப்பது. வகுப்பறையில் மூன்று குழுவும் கலந்து உட்கார்கின்றன. ஓவியம், இசை, உடற்கல்வி, குணநலக் கல்வி போன்ற பாடங்களைச் சேர்ந்தே படிக்கிறார்கள், அது பாட நேரத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. மற்றப் பாடங்களில் பாடத்துக்குப் பாடம் கடினநிலை மாறலாம். குழு 1இல் இருக்கும் பிள்ளை கணிதத்தில் நிலை 5 எடுத்திருந்தால் கணிதத்தை மட்டும் உச்ச நிலையில் படிக்கலாம். 2027 முதல் எல்லாருக்கும் ஒரே பெயரில் ஒரே சான்றிதழ்.

பாதை பிரிப்பு ஏன் வந்தது என்பதையும் சொல்லுங்கள். 1979இல் கோ கெங் சுவீ தலைமையில் வந்த அறிக்கை, இருமொழியில் எல்லாரையும் ஒரே வேகத்தில் இழுத்ததால் பெருந்தொகையான பிள்ளைகள் இடையில் நிற்கிறார்கள் என்று கண்டது. பிரித்தபின் இடைநிற்றல் குறைந்தது. நாற்பது ஆண்டு கழித்து, பாதையின் பெயர் பிள்ளையின் மீது முத்திரையாக ஒட்டிக்கொள்வதைப் பார்த்துத்தான் மாற்றினார்கள்.

கரும்பலகை

மூவருக்கும் மிக்க நன்றி. ஒரு சந்தேகம். ஜெர்மனி 10இல் பிரிக்கிறது, சிங்கப்பூர் 12இல். இரண்டுமே சீக்கிரம்தான். ஆனால் அடித்தட்டு எண் ஒன்றில் 30, மற்றதில் 8. அப்படியானால் பிரிக்கும் வயதுக்கு அவ்வளவு முக்கியத்துவம் கொடுக்கலாமா?

வடக்குவெளிச்சம்

சரியான இடத்தில் பிடித்தீர்கள். பிரிக்கும் வயது, யார் எங்கே போய்ச் சேர்கிறார்கள் என்பதை விளக்கும். அடித்தளம் எவ்வளவு உறுதி என்பதை அது மட்டும் விளக்காது. அதற்குப் பிரிப்பதற்கு முன்னால் என்ன செய்கிறார்கள் என்று பார்க்க வேண்டும்.

பின்லாந்தில் ஒவ்வொரு பள்ளிக்கும் சிறப்புக் கல்வி ஆசிரியர் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பார். வாசிப்பில் தடுமாறும் பிள்ளையை வாரத்தில் சில மணி நேரம் சிறு குழுவில் எடுத்துக்கொள்வார். மருத்துவச் சான்று தேவையில்லை, வகுப்பாசிரியர் சொன்னால் போதும். ஏறக்குறைய ஐந்தில் ஒரு பிள்ளை இப்படிப் பகுதிநேர உதவி பெற்றுவந்ததால் அதில் வெட்கமும் இல்லாமல் போனது. ஜெர்மனியில் 2001இல் முதல் பிசா முடிவு வந்து நாடே அதிர்ந்தது. அப்படியிருந்தும் பின்தங்கிய பள்ளிகளுக்கென்று மத்திய அரசும் மாநிலங்களும் சேர்ந்த பெருந்திட்டம் 2024இல்தான் தொடங்கியது: பத்தாண்டு, 2,000 கோடி யூரோ, சுமார் 4,000 பள்ளிகள்.

தெம்பனிஸ்வாசி

இங்கே சிங்கப்பூரிலும் அதுதான். முதலாம் வகுப்பில் சேர்ந்ததும் ஆங்கில வாசிப்பைச் சோதிப்பார்கள். பின்தங்கியவர்களை 8 முதல் 10 பேர் கொண்ட குழுவாக்கி, நாள்தோறும் அரைமணி நேரம் தனி வகுப்பு. கணிதத்துக்கும் இதேபோல் உண்டு. முதல் இரண்டு வகுப்புகளில் வகுப்புக்கு 30 பேர் அளவுதான். எல்லா ஆசிரியர்களும் ஒரே கல்வி அமைச்சின் ஊழியர்கள், பயிற்சியும் ஒரே தேசியக் கல்விக் கழகத்தில். ஒரு பள்ளிக்கு நல்ல ஆசிரியர், இன்னொன்றுக்கு ஆளே இல்லை என்ற நிலை வராது.

ஆனால் அந்த 8 விழுக்காட்டைச் சொல்லும்போது துணைப்பாட வகுப்பையும் சொல்லிவிடுங்கள். 2023 குடும்பச் செலவின ஆய்வின்படி சிங்கப்பூர்க் குடும்பங்கள் ஆண்டுக்கு 180 கோடி வெள்ளியை (சிங்கப்பூர் டாலர்) அதற்குச் செலவிட்டன. அரசுப் பள்ளியின் பலனையும் வீட்டுப் பணத்தின் பலனையும் பிரித்துக் காட்ட எந்தத் தரவரிசையாலும் முடியாது.

நெய்தல்நிலம்

இலங்கையையும் சேர்த்துக்கொள்ளுங்கோ. பிரிப்பதை மட்டுமல்ல, பிரித்தபின் மாவட்டத்துக்கு மாவட்டம் ஈடுகட்டுவதையும் ஒரு கணக்காகவே வைத்திருக்கிற நாடு அது.

1945 முதல் இலவசக் கல்வி. அப்போதைய கல்வி அமைச்சர் கன்னங்கராவின் பெயர் சொல்லாமல் அதைப் பேச ஏலாது. அரச பல்கலைக்கழகம் வரைக்கும் கற்பித்தல் கட்டணம் இல்லை. முதல் கதவு தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சை, பத்து வயதில். வசதி குறைந்த பிள்ளைகளுக்கு உதவிப்பணமும், பெரிய பாடசாலைகளுக்குப் போக வாய்ப்பும் அதில்தான். வெட்டுப்புள்ளி மாவட்டத்துக்கும் மொழிமூலத்துக்கும் ஏற்ப மாறும். இதில் தவறாகப் போவது என்னவென்றால், உதவிக்காக வைத்த பரீட்சை பாடசாலை மாறுவதற்கான போட்டியாக ஆகிவிட்டது. தரம் 3இலேயே பிரத்தியேக வகுப்புத் தொடங்கிவிடும்.

இரண்டாவது கதவு க.பொ.த. உயர்தரம், பல்கலைக்கழக அனுமதிக்காகப் பாடசாலைக் கல்வியின் முடிவில் எழுதும் பரீட்சை. மூன்று பாடத்துக்கும் இசட் புள்ளி கணித்து அதன் சராசரியை எடுப்பார்கள். பிள்ளை எடுத்த புள்ளியிலிருந்து அந்தப் பாடத்தின் சராசரியைக் கழித்து, நியம விலகலால் (எல்லாருடைய புள்ளிகளும் எவ்வளவு பரந்து கிடக்கின்றன என்ற அளவு) வகுப்பது. 70 எடுத்த பிள்ளை, பாடச் சராசரி 50, விலகல் 16 என்றால் 1.25. கடினமான பாடமும் இலகுவான பாடமும் ஒரே அளவுகோலுக்கு வரவேண்டும் என்பதற்காக 2001இலிருந்து இந்த முறை. பிறகு இடப் பங்கீடு: 40 வீதம் நாடு தழுவிய தகுதி, 55 வீதம் மாவட்டச் சனத்தொகைப்படி, 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு மேலதிகமாக. கலைப்பிரிவு இதற்கு வெளியே. 1970களின் தொடக்கத்தில் மொழிவாரித் தரப்படுத்தல், அதாவது மொழிமூலத்துக்கு ஏற்ப வெவ்வேறு வெட்டுப்புள்ளி வைத்தது, தமிழ் மாணவரை எப்படி அடித்தது என்பதை மறக்க ஏலாது. இன்றைய மாவட்டப் பங்கீடு வேறு அடிப்படையில் நிற்கிறது. அதனால் முல்லைத்தீவுப் பிள்ளைக்கும் மொனராகலைப் பிள்ளைக்கும் கொழும்புப் பிள்ளையைவிடக் குறைந்த புள்ளியில் மருத்துவ பீடம் கிடைக்கிறது. அந்தத் தரப்படுத்தலையும் இந்த மாவட்டப் பங்கீட்டையும் ஒன்றாகக் கலந்து சொல்லிப்போடாதீங்கோ. அநேகமான கட்டுரைகளில் அந்தப் பிழை இருக்கு.

செங்காந்தள்

மூன்றாவது கேள்வி, சம்பளம். இதில் ஜப்பானைப் பாருங்கள்.

தொடக்க, நடுநிலைப் பள்ளி ஆசிரியர் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கு தேசிய அரசு, மூன்றில் இரண்டு பங்கு மாகாணம் (சில பெருநகரங்களில் நகர நிர்வாகம்). 2006க்கு முன் ஆளுக்குப் பாதி. ஒரு மாகாணத்துக்குள் பணக்கார ஊர், ஏழை ஊர் என்று அடிப்படைச் சம்பளம் மாறாது. ஆசிரியரை நியமிப்பதும் பெரும்பாலும் மாகாணக் கல்வி வாரியம்தான். சில ஆண்டுக்கு ஒருமுறை பள்ளி மாற்றுவார்கள், மலைக்கும் தீவுக்கும் கூட. அங்கே போகிறவருக்கு 1954 சட்டப்படி தொலைதூரப் படி, சம்பளத்தில் 25 விழுக்காடு வரை. 15 வயது வரை பிரிப்பு இல்லை; பிறகு உயர்நிலைப் பள்ளி நுழைவுத்தேர்வு.

இதோடு ஒப்பிட அமெரிக்காவை ஒரு வரியில் வைக்கலாம். அங்கே பள்ளிப் பணத்தில் பெரும்பகுதி ஊர் வரியும் மாநிலமும் தருவது. ஊர்ப் பங்கு பெரும்பாலும் வீட்டுவரி, மத்திய அரசின் பங்கு சுமார் பத்தில் ஒன்று. வீடு விலை போகிற ஊரில் பள்ளிக்குக் காசு, போகாத ஊரில் இல்லை. இது அரசியல் சாசனத்துக்கு முரணில்லை என்று உச்ச நீதிமன்றம் 1973இல் ஐந்துக்கு நான்கு என்று தீர்ப்புச் சொன்னது.

ஜப்பானில் உடைவது ஆசிரியரின் உடம்பு. 1971 சட்டம் கூடுதல் நேர ஊதியத்துக்குப் பதிலாக மாதச் சம்பளத்தில் 4 விழுக்காடு மட்டும் தந்துவந்தது. எத்தனை மணி நேரம் இருந்தாலும் அதே 4. மாலை விளையாட்டுக் குழு, பெற்றோர் சந்திப்பு, மதிய உணவு நேரத்தில் பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிடுவது எல்லாம் அதற்குள். புதிதாக வேலைக்கு வர ஆள் குறைந்த பிறகு, 2025இல் சட்டத்தைத் திருத்தி அதைப் படிப்படியாக 10 ஆக்க ஒத்துக்கொண்டார்கள்.

உரைக்கு ஒரு யோசனை. நாடு நாடாகச் சொல்லாதீர்கள். பலகையில் 7, 10, 12, 15, 16 என்று வயதை மேலே எழுதிக்கொண்டு, வாசிப்பில் பின்தங்கிய ஒரே பிள்ளையை ஐந்து நாட்டிலும் நடத்திக் காட்டுங்கள். 7இல் அதன் பக்கத்தில் யார் உட்காருகிறார்கள், 10இல் எந்தச் சான்றிதழ் கைக்கு வருகிறது, 12இல் எந்த வகுப்பறை. ஜப்பானுக்கும் பின்லாந்துக்கும் 10, 12 கட்டங்கள் வெறுமையாக இருக்கும். அதை அப்படியே வெறுமையாக விட்டு, அடுத்த கட்டத்துக்குப் போவதற்கு முன் கொஞ்சம் நேரம் கொடுங்கள்.